ஒன்பதாம் அறைக்காரர்

தியெப்,
புதன்கிழமை

அன்புத் தங்கை சொலாஞ்சுக்கு அண்ணன் அர்மான் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிடுவாய். அதனால் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். நேற்று ஆறு தடவை அடித்தேன். செவ்வாய்க்கிழமை உனக்குச் சீட்டாட்டம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஓட்டலைப் பற்றி உன்னிடம் குறை சொல்ல மாட்டேன். நல்ல இடத்தில் இருக்கிறது, எல்லாம் கூப்பிடு தூரத்தில் என்று நீ சொன்னது சத்தியம். முன்னால் கடல், எதிரே மருந்துக்கடை, பின்னால் போலீஸ் நிலையம். திங்களன்று உன் அண்ணி ஜினெத் ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்ததும் குழந்தைபோல் கைதட்டினாள். ஒரு வாரம் கடல்காற்று பட்டால் அண்ணிக்கு நினைவு திரும்பும், திரும்பாவிட்டால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நீ சொன்னாயே, முதல் பாதி பலித்துவிட்டது என்று நினைத்தேன். செவ்வாய் காலை குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்தவள் அலறினாள். "யாருய்யா நீ? என் ரூம்ல என்ன பண்ற?" நான் வாயைத் திறப்பதற்குள் நடைக்கு ஓடி, "என் ரூமுக்குள்ள ஒருத்தன் அம்மணமா நிக்கிறான்!" என்று கத்தினாள். துண்டு இருந்தது, சொலாஞ். அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

வரவேற்பு மேசையில் இருக்கும் மதாம் கோஷெ போலீசைக் கூப்பிட்டாள். மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். வேறு ஊர் ஓட்டலாக இருந்தால் வர அரைமணி ஆகியிருக்கும், அதற்குள் ஜினெத்தே மறந்திருப்பாள். இதுதான் நல்ல இடத்தில் இருப்பதன் பலன். வந்த போலீஸ்காரர் சாதுவானவர். "இவங்க உங்க மனைவிங்கறதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா, ஐயா?" என்றார். அவள் அடையாள அட்டையில் பிறந்த வீட்டுப் பெயர்தான். கல்யாணப் பதிவுப் புத்தகம் அமியெனில் எங்கள் வீட்டில், துணி அலமாரியில். முப்பத்தாறு வருஷம் ரயிலில் நடந்து நடந்து ஊராரிடம் டிக்கெட் கேட்டவன், ஈரத் தலையோடு நின்று பையைத் துழாவினேன். கடைசியில் அவளுடைய மாத்திரைச் சீட்டில் கணவர் என்று என் பெயர் இருந்ததைப் பார்த்துவிட்டுப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். ஆனால் ஜினெத் விடவில்லை. "இந்த ஆள் இங்க தூங்கக்கூடாது" என்றாள். மதாம் கோஷெ என் காதருகே வந்து, "நீங்க ஒன்பதாம் நம்பருக்குப் போயிடுங்க. அவங்கள நான் பார்த்துக்கறேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் சமையலறைக் குப்பைத் தொட்டிகள். சிப்பி ஓடுகளுக்காகக் கடற்பறவைகள் சண்டை போடுகின்றன.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் மூலை மேசையில் உட்கார்ந்தேன். ஜினெத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூப்பிட்டாள். "தனியாவா வந்திருக்கீங்க? இங்க வந்து உட்காருங்களேன்." போனேன். எறால் உரிக்கத் தெரியாமல் திணறினாள், உரித்துக் கொடுத்தேன். ரயில் கதைகள் சொன்னேன், டிக்கெட் இல்லாமல் கழிப்பறையில் ஒளிந்த பாதிரியார் கதைகூட. அந்தக் கதையை அவளுக்கு நான் இதுவரை சொன்னதே இல்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என் வீட்டுக்காரரும் ரயில்லதான் வேலை பார்த்தார். நல்ல மனுஷர். ஆனா வீட்டுக்கு வந்தா வாயையே திறக்க மாட்டார்."

"இப்ப எங்கே அவர்?"

"செத்துட்டார்னு நினைக்கிறேன்" என்றாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "எப்போன்னு ஞாபகமில்ல. யாருக்கும் தொந்தரவு குடுக்காம போயிட்டார்."

நான் இன்னொரு எறாலை எடுத்து உரித்தேன். வேறென்ன செய்ய?

நீ சொன்னதுதான் சரி, சொலாஞ். என்னால் முடியவில்லை. இல்லத்தில் அவள் பெயரைப் பதிந்துவிடு; எனக்குப் பதிலாக நீயே கையெழுத்துப் போடு. சனிக்கிழமை வந்துவிடுகிறோம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லோரையும் கடைசிவரை அடையாளம் தெரியட்டும்.

உன் அண்ணன்,
அர்மான்

பி.கு.: வியாழன் காலை. ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடப் படியிறங்கியபோது கீழே ஜினெத் நின்றிருந்தாள். "அர்மான், முகம் வழிக்கலையா நீங்க? நேத்து பூரா எங்க போனீங்க?" என்றாள், பளிச்சென்று, பழைய குரலில். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவளோ என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இங்க ஒருத்தர் இருந்தார். எறா உரிச்சுக் குடுத்தார், என்னமா பேசினார்! அவர் போயிட்டாரா?" அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்க முடியவில்லை. வெளியே போயிருக்கிறார், மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். இல்லத்துக்கு எதையும் எழுதிக் கொடுக்காதே. ஒன்பதாம் அறையை மாதக் கடைசிவரை கேட்டிருக்கிறேன். மணி பதினொன்றாகிவிட்டது. முகம் வழித்துக்கொண்டு, சாப்பாட்டு வேளைக்குள் பேசுவதற்கு ஏதாவது யோசித்தாக வேண்டும்.