மேசையைச் சுற்றி வந்தவர்

இருபத்தெட்டு வருடம் சுங்கத் துறையில் அடுத்தவர் சரக்கை நிறுத்திவைத்துவிட்டு, ஒரு நல்ல நாளில் அதே சரக்கை வெளியே எடுத்துத் தரும் ஆலோசகராகக் கிளம்புகிற ஓர் இனம் உண்டு. அதில் அசல் சரக்கு ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன்.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆட்சேபணை'. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இதுல தெளிவு இல்லையே" என்று அவர் சொன்னால் போதும், எதிரில் நிற்பவர் இன்னொரு வாரம் நடப்பதற்குச் செருப்பைத் தயார் செய்துகொள்வார்.

விருப்ப ஓய்வு வாங்கிய மறுவாரமே வீட்டு முன்னறையில் மேசை போட்டு, பலகை மாட்டி, முதலில் வந்த பொம்மை வியாபாரியை நிற்கவைத்தே விசாரித்தார். மனைவி உள்ளேயிருந்து வந்தார்.

"உக்காரச் சொல்லுங்க. இவர் மாட்டிக்கிட்டு வரல, தேடிக்கிட்டு வந்திருக்காரு."

பழக்கம் லேசில் போகுமா? தயிர் வாங்கி வந்த மகளிடமே ரசீது கேட்கிற மனிதர்.

வியாபாரி உட்கார்ந்து அழாக்குறையாகச் சொன்னார். குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரைகள், இருநூறு, துறைமுகத்தில் நிற்கின்றன. நாற்காலி, மேசை மாதிரி மரச்சாமான் என்று சொல்லி இரண்டு மடங்கு வரி கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைத் திறப்பு.

"குதிரைய நம்பித்தான் சார் கடையே. அது வரலன்னா நான் நாலு பந்தை வச்சிக்கிட்டு நிக்கணும்."

"குதிரை எப்படிய்யா மரச்சாமான் ஆகும்? எந்த அறிவாளி சொன்னான்?"

"தெரியல சார். ஏதோ பழைய உத்தரவாம்."

நம்மவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் வழக்கே குதிரை! பழைய அலுவலகத்துக்குப் பறந்தார். வாசல் காவலாளி பழைய ஞாபகத்தில் சல்யூட் அடித்து, புது ஞாபகத்தில் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். இத்தனை வருடம் மற்றவர்களை உட்காரவைத்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை என்பதை அன்றுதான் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் கிடைத்தது.

அவருடைய நாற்காலியில் இப்போது அவரிடமே வேலை பழகிய பெண் அதிகாரி. மரியாதையாக எழுந்து நின்று வரவேற்றார். பிறகு உட்கார்ந்தார், காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுல தெளிவு இல்லையே சார்."

கோப்பிலிருந்து ஒன்பது வருடத்துக்கு முந்தைய உத்தரவை எடுத்து வைத்தார். 'மேற்படி குதிரை உட்காரப் பயன்படுவதால் மரச்சாமானே ஆகும்.' கீழே கையெழுத்து, சாட்சாத் நம்மவருடையது.

வியாபாரியின் முகம் கண்முன் வந்தது, நாலு பந்தோடு.

"இந்த உத்தரவு தப்பும்மா" என்றார். "போட்டவருக்கு அன்னைக்கு யோசனை போதல."

"அத எப்படி சார் சொல்றீங்க?"

"அவர எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப எழுத்துல குடுங்க சார்."

எழுதினார். குட்டைக்கால் பெஞ்சில் உட்கார்ந்து, நாற்காலியை யாரும் 'டக்டக்' என்று ஓட்டுவதில்லை, ஆதலால் குதிரை விளையாட்டுப் பொருளே என்று மூன்று பக்கம், தன்னைத்தானே பிய்த்து உதறி எழுதினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எந்த ஆட்சேபணையும் எழுதியதில்லை.

அதிகாரி இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கையெழுத்து ஒத்துப்போகுது சார். கருத்துதான் ஒத்துப்போகல."

சிரித்துக்கொண்டே மேலதிகாரிக்கு அனுப்பினார். வியாழக்கிழமை சாயங்காலம் குதிரைகள் வெளியே வந்தன. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில், கோட்டுப் போட்ட ஒருவர் குதிரைமேல் ஆடிக்கொண்டே இருந்தார். "இறங்குங்க, பிள்ளைங்க வரிசையில நிக்குது" என்று மனைவிதான் இறக்கினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வாடகை வீட்டில் இருந்த காலத்தில், "ஒரு ஆணி அடிக்க விடறானா மனுஷன்" என்று வீட்டுக்காரரைத் திட்டித் தீர்த்தவர்தானே நீங்கள்? இப்போது உங்கள் சொந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவர் நேற்று ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்தாராமே. எங்கே மாட்டிக்கொள்ளச் சொன்னீர்கள்?