நீலக் கூடாரத்தில் ஒரு கோவிந்தா

பஸ் ஓடுகிற ஊரில் ஒரு மனுஷன் காரணமில்லாமல் நடந்தால், பார்க்கிறவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, என் தங்கைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையோடு மம்சாபுரம் தாண்டி நடந்தபோதுதான் இது எனக்கு விளங்கியது.

மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் ராஜபாளையம், வேலை லண்டன் பக்கம். தங்கையை அவருக்குப் பிடித்திருந்தது. அவர் அம்மாதான் இழுத்தடித்தார். "சீமைக்குப் போயி சாமியையே மறந்துட்டான். இவன் கையில ஒரு பொண்ணைக் குடுத்து நான் பாவம் தேடிக்கிடவா?" என்று கேட்டுவிட்டார். (பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசும் சம்பந்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.)

இந்த நிலையில் மாப்பிள்ளை என்னிடம், "மச்சான், நடக்கப் போவமா? அங்க லீவு விட்டா பையைத் தூக்கிட்டு வயக்காட்டு வழியா நடப்போம். கூடாரம் போட்டுத் தங்குவோம்" என்றார்.

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் இல்ல."

"வேண்டுதலா?"

"இல்ல மச்சான், சும்மா நடக்கதுதான்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இது அதற்கு மேல் உள்ள பாடம் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். தங்கை கல்யாணமாயிற்றே, மறுக்க முடியுமா?

வழியெல்லாம் விசாரணை. "பஸ்ஸ விட்டுட்டியளா?" என்றார் ஒருவர். "யாரு வீட்டுல சாவு?" என்று கேட்ட இன்னொருவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பப் பார்த்தார்.

மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்போரம் மாப்பிள்ளை நீலக் கூடாரத்தை விரித்தார். எது வாசல், எது பின்பக்கம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பசி வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்குக் காட்டாமல் நான் வாய் நனைத்ததில்லை. வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரைத் தூக்குவாளியைக் கூடாரத்தின் முன் வைத்து, கற்பூரம் ஏற்றி, வழக்கம்போல் முழுத் தொண்டையில் "கோவிந்தா!" என்றேன்.

"கோவிந்தா!" என்று தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூட்டமே பதில் சொன்னது.

மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள். கூடாரம், கற்பூரம், தூக்குவாளி. அன்னதானத்துக்கு இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? வரிசை நின்றுவிட்டது. (கையேந்தி நிற்கிற அடியாரிடம் "இது எங்க சாப்பாடு" என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.)

"மச்சான், இவிய எல்லாம் யாரு? நீங்க வரச் சொன்னியளா?"

"செத்த நேரம் பேசாம அள்ளிப் போடுங்க மாப்ளே!"

ஆளுக்கொரு பிடி போட்டும் வாளி காலி. வரிசை காலியாகவில்லை. மாப்பிள்ளை பைக்குள் கைவிட்டு லண்டன் பிஸ்கட்டுகளை எடுத்தார். அதையும் இரண்டு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றி, கோவிந்தா சொல்லிக் கடித்தார்கள். அவரும் திகைத்துப்போய், ஒவ்வொருவருக்கும் பதில் கோவிந்தா போட்டார்.

நீட்டிய கை ஒன்று அப்படியே நின்றது.

"ஏலே... நீயா?"

மாப்பிள்ளையின் அம்மா! சம்பந்தம் பிஸ்கட்டோடு பிஸ்கட்டாக நொறுங்கிவிட்டது என்றே நினைத்தேன். அவர் கூடாரத்தைப் பார்த்தார். கற்பூரத்தைப் பார்த்தார். மகன் கையிலிருந்த கடைசி பிஸ்கட்டைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இம்புட்டுப் பக்தியா? சீமையிலருந்து பந்தல் கொண்டாந்திருக்கானே!" என்று அழுதவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, ஐப்பசியிலயே முகூர்த்தம் பாத்திருங்க" என்றார்.

"அம்மா, இது வந்து..." என்று மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அந்தக் கடைசி பிஸ்கட்டை வாங்கி அவர் வாயில் வைத்தேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. கூடாரம் என் வீட்டுப் பரணில் தங்கிவிட்டது. சம்பந்தியம்மா உத்தரவுப்படி வருஷா வருஷம் அதே தோப்போரம் அதை விரித்துப் புளியோதரை போடுகிறேன். வாசல் எதுவென்று இன்னும் தெரியாது. தங்கை பிள்ளைகள் லண்டனில் லீவுக்குக் கூடாரம் போட்டால் உடனே எனக்குப் போன் வந்துவிடும்:

"மாமா, டென்ட் போட்டாச்சு. எம்புட்டுப் பேருக்கு இலை போடணும்?"