இறக்கைக்கு இடையூறாக ஒரு வீடு

இப்போதெல்லாம் ஜனங்கள் எதைப் பார்க்கப் போனாலும் அதற்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்க வந்ததைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் பூட்டுக்காரருக்கு இது ஆகவே ஆகாது. ஆனால் அவர் படிக்காதவர், பண்பாடு தெரியாதவர்.

பண்பாட்டின் சிகரம் எது? குண்டு போட்ட விமானத்தைக் கழுவித் துடைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்து, திறந்த மைதானத்தில் நிறுத்தி, சுற்றிலும் ரோஜாச் செடி நட்டு, ‘சேதப்படுத்தாதீர்கள்’ என்று பலகை வைப்பதுதான். அந்தச் சிகரத்தை நினைவுச்சின்னக் கமிட்டி போன மாதம் எட்டிப்பிடித்தது.

ஒரே ஒரு சின்ன விஷயம். மைதானத்தை அளந்தவர்கள் மூக்கிலிருந்து வால்வரைதான் அளந்தார்கள். விமானம் துண்டு துண்டாக வந்தது. இறக்கைகள் கடைசி லாரியில் வந்தன. கடைசி லாரியில் வருவதை முதல் கூட்டத்திலேயே யோசிக்க முடியுமா? மாட்டிப் பார்த்தால், இடது இறக்கை மதிலைத் தாண்டிப் பூட்டுக்காரர் வீட்டின் தலைக்கு மேல் நின்றது.

“மாமா, துணி ஒண்ணுகூடக் காயல” என்றாள் மருமகள். “மழை பெஞ்சா இறக்கைத் தண்ணி பூரா அடுப்பங்கரையில கொட்டுது.”

புகார் சொல்ல மைதானத்துக்குப் போனார் பூட்டுக்காரர். கமிட்டிச் செயலாளர் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம்.

“பெரியவரே, உங்க வீடு இறக்கையை ஆக்கிரமிச்சிருக்கு.”

“என் வீடு எங்கயும் போகலயே ஐயா. எங்கப்பா கட்டினதுலேருந்து அங்கயேதான் நிக்குது. இதுதான் போன மாசம் வந்துது.”

“இது வரலாறு. வரலாற்றை நகர்த்த முடியாது.”

“லாரியில நகர்த்திக்கிட்டுத்தானே வந்தீங்க?”

இதைக் காதில் வாங்காத பெருந்தன்மை செயலாளருக்கு இருந்தது. “திறப்பு விழாவுக்கு முன்னாடி வீட்டை இடிச்சாகணும். கவலைப்படாதீங்க, உங்களுக்கு முன்வரிசையில நாற்காலி உண்டு.”

“இதைக் கொண்டாந்து நிறுத்த வேற ஊரே கிடைக்கலயா?”

“நம்ம ஊருக்கும் இதுக்கும் நெருங்கின உறவு பெரியவரே! போர்ல நேர்லயே வந்திருக்கு. நம்மளை விடுதலை பண்ண வந்தது.”

“தெரியும். எங்க வீட்டுக்குத்தான் வந்துது. எங்க அக்காவை விடுதலை பண்ணிட்டுப் போச்சு. இடிஞ்ச வீட்டுக் கல்லையே பொறுக்கி வச்சுத்தான் எங்கப்பா மறுபடி கட்டினார்.”

செயலாளர் முகம் மலர்ந்தது. “அடடா! அப்ப நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணுமே! ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க. ‘ஓர் உயிர்ச்சேதமும் இல்லை’ன்னு பலகையில போட்டிருக்கோம். அதுக்கு மாறா பேசிடாதீங்க.”

“யாரு உசுருக்குச் சேதமில்ல?”

“உள்ள இருந்தவங்களுக்கு.”

“கீழ இருந்தவங்களுக்கு?”

“அவங்க விமான ஊழியர்கள் இல்லையே!”

செயலாளர் பூட்டுக்காரர் தோளைத் தட்டினார். “பயப்படாதீங்க பெரியவரே. இப்ப இதுல குண்டு கிடையாது, இன்ஜின் கிடையாது. ஓய்வு பெற்ற விமானம். ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாது.”

பூட்டுக்காரர் விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். பிறகு, அளந்தவர்கள் பார்க்காத இறக்கையையும் அதன் நுனிவரை பார்த்தார். நுனிக்குக் கீழே மருமகள் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

“ஓய்வா? அப்பப் பறந்து வந்து இடிச்சுது. இப்ப நின்ன இடத்துலேருந்தே இடிக்குது. நல்லா வேலை கத்துக்கிட்டிருக்கு ஐயா.”

“பெரியவரே, நாற்காலி…”

அவர் விமானத்துக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்து நடந்தார். படம் எடுத்துக்கொள்ளவில்லை.