மூன்றாம் வரியில் கத்தரிக்கோல்

"என்னங்க, இங்க ஒரு கத்தரிக்கோல் வந்திருக்கு."

"யாராவது தையல்காரர் மறந்து வச்சிட்டுப் போயிருப்பார். எடுத்து உள்ள வை."

"மேசையில இல்லைங்க. கம்ப்யூட்டர்ல."

கணவர் கண்ணாடி ஃபிரேம் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பின்னறைக்கு வந்தார். கண் பரிசோதனைக்காக ஜன்னலையெல்லாம் அடைத்து இருட்டாக்கி வைத்த அறை அது. சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரில் எழுத்துகள் வரிசை வரிசையாக இறங்கின. மேலே ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்துகள். மூன்றாம் வரியில் மட்டும், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்கோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அட, ஆமா! நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கா? பஸ் கம்பெனி டிரைவருங்க கண் டெஸ்டுக்கு இப்ப வந்துடுவாங்க. அந்த வரியில என்னத்தைப் படிக்கச் சொல்றது?"

"கத்தரிக்கோல்னு சொல்லட்டும். கண்ணு தெரியுதான்னுதானே பார்க்கணும்?"

"எதிர்க்கடைக்காரன் காதுல விழுந்தா போதும். ஊரு பூரா சிரிப்பா சிரிக்கும்."

எதிர்க்கடை என்றதும் கணவரின் சிரிப்பு அடங்கிவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த கண்ணாடிக்கடை அது. முகப்பெல்லாம் பளபளவென்று இருக்கும். உள்ளே போனால் குளிரும். பஸ் கம்பெனி மேனேஜர் போன வாரமே ஒரு வார்த்தை போட்டு வைத்திருந்தார். "அங்க மெஷினே எல்லாத்தையும் பார்த்துடுதாமே மேடம்? இந்தத் தடவை உங்ககிட்ட தாமதமானா அங்க அனுப்பிடலாம்னு மேலிடத்துல பேச்சு."

அந்த ஓட்டுநர்கள் போய்விட்டால் கடையில் மிச்சம் இருப்பது ஈ ஓட்டுகிற வேலைதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மனைவி, ஊர் அழைக்கிற பேரில் கண்ணாடிக்கார அம்மா, தன் தம்பியை நினைத்துப் பல்லைக் கடித்தாள். பல வருஷமாகச் சுவரில் அட்டைதான் தொங்கியது. "இந்தக் காலத்துல யாருக்கா அட்டை வச்சுப் பார்க்கிறாங்க?" என்று கேட்டு, அதில் இருந்த எழுத்துகளை அதே வரிசையில் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவன் அவன். கண் பரிசோதனை எழுத்துக்குக் கோடெல்லாம் ஒரே தடிமனாக இருக்க வேண்டுமாம். அதற்கென்று உட்கார்ந்து ஒரு ஃபான்டையே சொந்தமாகச் செய்தான். "உலகத்துலயே இந்த ஃபான்ட் நம்ம கடையில மட்டும்தான்க்கா இருக்கு" என்று பெருமை வேறு. கெட்டுப்போனால் உலகத்தில் வேறு எங்கேயும் கிடைக்காது என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

"தம்பிக்குப் போன் போடறேன்" என்றாள்.

"இதுக்கெல்லாம் அவன் எதுக்கு? நகரு நீ."

கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவர் தொட்டுச் சரியான சாமான் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. தொடாமல் விட்ட சாமானும் கிடையாது.

"என்ன பண்ணப் போறீங்க?"

"ஃபான்டை எடுத்துட்டு மறுபடி போடப் போறேன். அவ்வளவுதான்."

எடுத்தார். போட்டார். மூன்றாம் வரி முழுக்க மாறியது. கத்தரிக்கோலுக்கு இந்தப் பக்கம் ஒரு டெலிபோன். அந்தப் பக்கம் ஒரு கை, விரலை நீட்டி எதிர்க்கடை இருக்கிற திசையைக் காட்டியது.

"துணைக்கு ஆள் சேர்த்துட்டீங்க" என்றாள் அவள்.

"பொறு, பொறு. காரணம் புரிஞ்சுடுச்சு. உள்ள எத்தனை ஃபான்ட் இருக்கு பாரு! பேர் தெரியாததெல்லாம் வந்து குடியிருக்கு. கூட்டம் ஜாஸ்தி. அதான் ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு எட்டிப் பார்க்குது."

"அதெல்லாம் கம்ப்யூட்டரோட சாமானுங்க."

"நாம என்னிக்காவது இதைத் தொட்டிருக்கோமா? வேண்டாததை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவள் கையைப் பிடிப்பதற்குள் அழித்துவிட்டார். வீடு பெருக்கிய திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார். கம்ப்யூட்டர் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. கத்தரிக்கோல் போயிற்று, டெலிபோன் போயிற்று, கையும் போயிற்று. எழுத்துகளும் போயின. மேலிருந்து கீழ்வரை வெறும் கட்டங்கள். மேலே பெரிய கட்டம், அதன் கீழே சின்னக் கட்டங்கள், கடைசி வரியில் எறும்பு சைஸில் கட்டங்கள்.

"இப்ப என்னங்க சொல்றீங்க?"

"ஒழுங்கா வரிசையா இருக்கு. அது வரைக்கும் சந்தோஷப்படு."

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மாமா தொட்டாரா?" என்றான் முதல் வேலையாக.

"தொட்டார்."

"ஏன்க்கா விட்டே?"

"கட்டின புருஷனைக் கட்டியா போட முடியும்? ஆக வேண்டியதைச் சொல்லுடா."

"சரி, பதறாதே. இடது பக்கம் மேல 'அமைப்பு'ன்னு இருக்கும். அதை அமுக்கு."

"எல்லாம் கட்டமா இருக்குடா."

"என்ன, அதுவுமா?"

"மூணு கட்டம் சேர்ந்தாப்பல ஒண்ணு இருக்கு. பக்கத்துல நாலு கட்டம்."

"நாலா? அப்ப நாலு கட்டத்தை அமுக்குக்கா. ஒரு கேள்வி வரும். 'ஆம்', 'இல்லை'ன்னு கேட்கும். 'ஆம்' கொடு."

"கட்டம் கட்டமா கேட்குது. எது ஆம், எது இல்லை?"

கணவர் எட்டிப் பார்த்தார். "சின்னதா இருக்கிறதுதான் ஆம்."

"அப்படி யார் சொன்னது?"

"ஆம்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகப் போகுது? இல்லைன்னா நீட்டி முழக்கணும். உன்கிட்ட நான் பார்க்கிறதுதானே."

அதில் ஒரு நியாயம் இருந்ததால் அவள் சின்னதை அமுக்கினாள். திரையில் இருந்தது முழுவதும் தலைகீழாகத் திரும்பி நின்றது.

"எப்படியிருக்கு இப்ப?" என்றான் தம்பி.

"கட்டத்துக்கு ஏதுடா தலைகீழ்? அதே கட்டம்தான். பொடிக் கட்டம் மேல போயிடுச்சு. பெரிய கட்டம் கீழ வந்துடுச்சு."

தம்பி, "அக்கா, பழைய அட்டை எங்க?" என்று கேட்டான்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். கணவர் முன்னறை அலமாரியைப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க அதை?"

"நீதானே தூக்கிப் போடச் சொன்னே? நல்ல கெட்டி அட்டை, வீணாப் போவானேன்னு தட்டுக்கெல்லாம் அளவா வெட்டி விரிச்சிட்டேன். ஃபிரேம் வழுக்காம நிக்குது பாரு."

அவள் ஓடிப்போய் முதல் தட்டில் இருந்த துண்டை உருவினாள். அதன் மேலே அடுக்கியிருந்த கண்ணாடிகள் சறுக்கி விழுந்தன. கையில் வந்தது பாதி 'ப'. இரண்டாம் தட்டில் உருவினாள். அங்கேயும் கண்ணாடிகள் விழுந்தன. கிடைத்தது ஒரு 'ம'வின் வால். மிச்சத் துண்டுகளில் எழுத்தே இல்லை.

"ஓரமெல்லாம் பார்த்து வெட்டியிருக்கீங்க. எழுத்து இருந்த இடத்தை என்ன பண்ணீங்க?"

"எழுத்து தெரிஞ்சா கடைக்கு அசிங்கமா இருக்கும்னு குப்பையில போட்டுட்டேன்."

தரையெல்லாம் மூக்குக்கண்ணாடிகள் மல்லாந்து கிடந்தன. அவற்றின் நடுவில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கணவருக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து பக்கத்தில் வந்தார்.

"இங்க பாரு. டிரைவருங்க எல்லாரும் வருஷா வருஷம் வர்றவங்கதானே? ஒருத்தர்கூட இதுவரைக்கும் ஃபெயில் ஆனதில்லை. பேசாம சர்டிபிகேட்ல கையெழுத்தைப் போட்டு அனுப்பிடு."

"பார்க்காமலா?"

"பார்த்த மாதிரி வச்சுக்கோ."

"அவங்க பின்னாடி ஒரு பஸ் ஜனம் நம்பி உட்கார்ந்து போகுதுங்க. கைக்குழந்தையோட போறாங்க, தூங்கிக்கிட்டே போறாங்க. நான் பார்த்துச் சொல்லியிருப்பேன்கிற தைரியம்தானே? கடையை இழுத்து மூடினாலும் மூடுவேன், அந்தக் கையெழுத்து மட்டும் போட மாட்டேன்."

வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம் கேட்டது. கூடவே மேனேஜரின் குரல். "மேடம், வந்துட்டோம்! சீக்கிரம் விட்டுடுங்க, எல்லாருக்கும் வண்டி எடுக்கணும்."

கணவர் பாய்ந்து பின்னறைக்குள் போனார். "கடைசி வழி ஒண்ணு இருக்கு. வயரைப் புடுங்கி மறுபடி சொருகினா எல்லாம் தன்னால ஒழுங்காயிடும்" என்று கிசுகிசுத்துக்கொண்டே மேசைக்கு அடியில் நுழைந்தார்.

"வேண்டாங்க!"

புடுங்கிவிட்டார். சொருகினார். 'சட்' என்றது. கருகல் வாடை வந்தது. கட்டங்களும் மறைந்து திரை கன்னங்கரேலென்று ஆயிற்று.

முன்னறையில் மேனேஜர், தரையில் கிடந்த கண்ணாடிகளைத் தாண்டிக் குதித்தபடி, "என்ன மேடம், ஆடித் தள்ளுபடியா?" என்று சிரித்தார். "இவர் நம்ம மூத்த டிரைவர். இவரை முதல்ல பார்த்துடுங்க. வெளியூர் வண்டி, ராத்திரி பூரா ஓட்டணும்." பதிலுக்குக் காத்திராமல், ஓட்டுநரின் தோளைப் பிடித்துப் பின்னறைக்குள் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

ஓட்டுநர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கார அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். போனால் போகட்டும், எதிர்க்கடைக்கே போகட்டும், உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஐயா, மன்னிக்கணும். இன்னிக்கு இங்க டெஸ்ட் எடுக்க..."

"எடுத்துடலாம் மேடம்" என்றார் அவர். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இருண்டு கிடந்த திரையை நேராகப் பார்த்து, கணீரென்று ஆரம்பித்தார்.

"ட. ப, ம. க, ல, ச. ர, வ, ன, ட. ப, ய, க, ம, ல."

ஒரு எழுத்து பிசகவில்லை. ஓர் இடத்தில் தயங்கவில்லை. எறும்பு எழுத்து வரிவரைக்கும் தடதடவென்று இறங்கிவிட்டு, கையை மாற்றி வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு தடவை ஒப்பித்தார்.

"கீழேருந்து மேலயும் சொல்லட்டுமா மேடம்? போன தடவை கேட்டீங்களே."

மேசைக்கு அடியிலிருந்து கணவரின் தலை மெல்ல எழும்பியது. கையில் வயரோடு திரையைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

வெளியிலிருந்து மேனேஜர் குரல் கொடுத்தார். "கேட்டுச்சு மேடம், கேட்டுச்சு! எங்க ஆளுங்க எல்லாருக்குமே கழுகுக் கண்ணு. இப்படித்தான் அத்தனை பேரும் கடகடன்னு சொல்லுவாங்க, பாருங்க."

திறந்து கிடந்த கதவு வழியாக முன்னறை வெளிச்சம் உள்ளே விழ, ஓட்டுநர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மரியாதையாக ஒரு கும்பிடு போட்டார்.

"அப்ப நான் வரேன் மேடம், வண்டி எடுக்க நேரமாச்சு. கதவு மட்டும் எந்தப் பக்கம்னு சொல்லிடுங்க."