அண்ணி ஆன்டெனா தேர்ந்த படலம்

பற்றவைத்த ஈயத்தின் புகையே நறும்புகையாய், கேபிள் சுருளே தோளணியாய், நெற்றிமிசை ஏற்றிய மூக்குக்கண்ணாடியே மணிமுடியாய் விளங்க, மலைக்கப்பால் மருந்து சுமந்து செல்லும் ஒற்றை எந்திரச் சிறுவிமானத்தின் மின்கருவிகளைப் பழுதுநீக்கிக் காக்கும் தொழில்வல்லாள், அண்ணி எனும் அருந்திறலாளை முதற்கண் போற்றுகின்றோம்.

அவ்விமானத்தை ஓட்டும் வீராங்கனையோ அவள் கணவனின் தங்கை. சென்ற செவ்வாயன்று முகிற்படை நாற்றிசையும் மறைத்த வேளையில், தரையோடு பேச அவள் ரேடியோப் பொத்தானை அமுக்குந்தோறும், இருக்குமிடம் காட்டும் ஜிபிஎஸ் திரை குருடாயிற்று. எப்படியோ வந்து இறங்கியவள், அரை மணி நேரம் இருக்கையை விட்டு எழவில்லை. அதுகண்ட அண்ணி, பழைய ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் பெயர்த்தெறிந்து புதியது பூட்டுவேன் என வஞ்சினம் உரைத்தாள்.

மேசையெனும் களத்தில், கடையினின்று வரவழைத்த மூன்று ஆன்டெனாக்கள் அணிவகுத்தன. முதலாவது சுறாத்துடுப்பன்ன எழில்மேனியது. ஆயின் சமிக்ஞையைப் பெருக்கும் கருவி அகத்தே இன்மையின், விண்ணிலிருந்து வந்த நுண்சமிக்ஞை நெடுங்கேபிளில் நடந்தே மாண்டுபோம். இரண்டாவது, வந்ததையெல்லாம் அளவிறந்து பெருக்கும் பேராற்றலது. மூன்றாவது, அளவோடு பெருக்கி ரேடியோ இரைச்சலை வாயிலிலேயே தடுப்பது. தோற்றமோ கவிழ்த்த சோப்புப்பெட்டி.

"பவர் ஜாஸ்தியா இருக்கறதையே போடுங்க அண்ணி. மூணாவது, பிளேன் தலையில கொப்புளம் மாதிரி இருக்கும்," என்றாள் நாத்தனார்.

"காதுகிட்ட வந்து கத்தினா நல்லா கேக்குமா? நம்ம ஜிபிஎஸ் பெட்டி அவ்வளவு தாங்காதும்மா," என்றாள் அண்ணி.

முற்பகல் முழுதும் சொற்போர் மூண்டது. ஈற்றில் விமானத்தை வெளியே தள்ளி, ஏணிமிசை ஏறிய அண்ணி, இரண்டாவதைக் கூரைமேல் அழுத்திப் பிடித்துக் கேபிளை இணைக்க, நாத்தனார் உள்ளிருந்து ரேடியோப் பொத்தானை அமுக்க, திரையில் நின்ற பதினொரு செயற்கைக்கோள்களும் போர்முரசு கேட்ட மான்கூட்டமெனச் சிதறி மறைந்தன. பின்னர் மூன்றாவதை வைத்தாள். பொத்தான் அமுங்கிற்று. அம்புமாரியிடை அசையாத யானைவரிசையெனப் பதினொன்றும் நின்றது நின்றபடி நின்றன.

நாத்தனார் மேலும் நான்கு முறை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றும் மறையவில்லை.

"இதையே மாட்டிடுங்க அண்ணி. மேகத்துக்குள்ள போனாலும் பேசலாம்."

வாகை சூடிய அண்ணி, திசையெட்டும் தன் பெயர் முழங்கக் கேட்டவள்போல் ஏணியினின்று இறங்கி, வென்ற அவ்வருங்கலத்தை விமானத்தின் சென்னிமிசை என்றென்றைக்குமாய்ப் பொருத்தும் பொருட்டு, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

ஸ்க்ரூ அனுப்ப மறந்துவிட்டார்கள்.