பூஜ்யப் படுக்கை

மனித குலம் தன் கையால் செய்துகொண்டவற்றில் தலைசிறந்தது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் சக்கரம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் விவரம் தெரியாதவர்கள் அச்சு இயந்திரம் என்பார்கள். அவர்கள் 'எண்ணாக்கி'யைப் பார்க்காதவர்கள். மன்னித்துவிடலாம்.

எண்ணாக்கி என்பது ஆயிரத்து நூற்று நாற்பது வரிகள் கொண்ட ஒரு நிரல். ஒருவர் கணினியில் 27 என்று தட்டினால், கணினிக்கு அது இரண்டு எழுத்துகள்தான். அதற்கு மேல் ஒன்றும் புரியாது. அதைக் கூட்டிக் கழிக்கத்தக்க எண்ணாக மாற்றிக் கொடுப்பதே எண்ணாக்கியின் பிறவிப் பயன். எழுதியவர் அந்த மென்பொருள் நிறுவனத்தின் முதன்மைப் பொறியாளர். எல்லோரும் அவரைச் 'சிற்பி' என்று அழைத்தார்கள். அப்படி அழைக்கும்படி அவரே சுற்றறிக்கை அனுப்பியிருந்தார்.

எந்தக் கணினி மொழியை எடுத்தாலும் அதோடு ஒரு கருவிப்பெட்டி சேர்ந்தே வரும். எழுத்தை எண்ணாக்க ஒன்று, தேதியைப் பிரித்துப் படிக்க ஒன்று, சொல்லுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்ட வெற்றிடத்தை நறுக்க ஒன்று. உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தி, குட்டுப்பட்டுக் குட்டுப்பட்டுத் திருந்திய கருவிகள். ஒரே வரியில் கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். இவ்வளவு சுலபமாக முடிவது ஒரு வேலையா என்பதுதான் சிற்பியின் கவலை.

"மொழியோட சும்மா வர்றதை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியுமா? நம்ம கையால எழுதினாத்தான் நமக்கு மரியாதை" என்பார். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே கூடத்தின் நடுவில் கிணறு வெட்டத் துணிகிற நெஞ்சுரம் எல்லோருக்கும் வாய்த்துவிடாது.

அந்த நிறுவனத்தில் ஊழியர்களின் திறமை, மாதத்துக்கு எத்தனை வரி எழுதினார்கள் என்பதைக் கொண்டு அளக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசியில் ஒரு பெண் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய நானூறு வரியைப் பார்ப்பாள், கருவிப்பெட்டியில் இருப்பதைக் கொண்டு ஒரே வரியில் முடிப்பாள், மிச்சத்தை அழித்துவிடுவாள். அதனால் அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். போன ஆண்டு அவளுடைய மொத்த உழைப்பு, கழித்தல் மூவாயிரத்து இருநூறு வரிகள். "ஊர் உலகத்துல வரிவிலக்கு கேப்பாங்க. இந்தப் பொண்ணு வரியையே விலக்குது" என்று மனிதவள அதிகாரி வருத்தத்தோடு குறித்து வைத்திருந்தார்.

இப்படி இருக்கையில், கத்தரியின் சித்தப்பாவுக்குக் காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த மருத்துவமனையில் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது கத்தரியின் நிறுவனம் செய்து கொடுத்த மென்பொருள்தான். எந்தப் படுக்கைக்கு என்ன மாத்திரை, என்ன சாப்பாடு என்று அதுதான் பட்டியல் போடும். சித்தப்பாவின் படுக்கை எண் 08.

இரண்டாம் நாள் காலை சித்தி போன் செய்தாள்.

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டருக்கும் உங்க சித்தப்பாவுக்கும் ஏதாவது முன்விரோதமா?"

"என்ன சித்தி ஆச்சு?"

"ஏழாம் நம்பருக்குச் சாப்பாடு வருது. பத்தாம் நம்பருக்கு வருது. நடுவுல இவரும் ஒம்பதாம் நம்பரும் பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு இருக்காங்க. சாப்பாடு போகட்டும், நான் வீட்டுலேருந்து எடுத்துட்டு வந்துடுறேன். பிரஷர் மாத்திரையும் ரெண்டு நாளா வரல. கேட்டா, லிஸ்ட்ல பேரே இல்லேங்கிறாங்க."

கத்தரி அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சித்தப்பா ஓய்வுபெற்ற மோட்டார் மெக்கானிக். படுத்தபடியே கட்டிலின் திருகாணிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"வாம்மா. நான் உயிரோட இருக்கேனான்னு உங்க கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

செவிலியர் கைபிசைந்தார். "லிஸ்ட்ல வராம மாத்திரை குடுத்தா என் வேலை போயிடும்மா. டாக்டர் எழுதித்தான் குடுத்திருக்காரு. ஆனா அது எல்லாம் பூஜ்யம் நம்பர் படுக்கைக்குப் போகுது."

"பூஜ்யம்னு ஒரு படுக்கை இருக்கா?"

"முன்னாடி இல்ல. இப்ப இருக்கு."

செவிலியர் அவளை நடைபாதையின் கோடிக்கு அழைத்துப் போனார். சக்கர நாற்காலிகள் நிறுத்துமிடத்தில் புத்தம் புதுக் கட்டில் ஒன்று போடப்பட்டிருந்தது. வெள்ளை விரிப்பு, திரைச்சீலை, தலைமாட்டில் '00' என்ற பலகை. கட்டிலில் யாரும் இல்லை. பக்கத்து மேசையில் ஒன்பது சாப்பாட்டுத் தட்டுகளும் ஒரு கூடை நிறைய மாத்திரைகளும் இருந்தன. நடந்தது இதுதான்: பூஜ்யத்துக்கு என்று உணவும் மருந்தும் வந்து குவிய, கொண்டுபோய் வைக்க இடமில்லை என்று ஊழியர்கள் முறையிட்டார்கள். நிர்வாக அதிகாரி நொடியும் தாமதிக்காமல் குறையைக் களைந்தார். பூஜ்யத்துக்கு ஒரு படுக்கை வாங்கிப் போட்டுவிட்டார்.

"தினம் நாலு வேளை நான் இங்க வந்து சார்ட் எழுதணும்" என்றார் செவிலியர். அட்டையில் 'நோயாளி அமைதியாக இருக்கிறார். புகார் ஏதும் இல்லை' என்று எழுதியிருந்தது.

கத்தரி அலுவலகம் திரும்பி எண்ணாக்கியைத் திறந்தாள். பழங்காலக் கணினிகளில் ஏழு வரைக்கும் மட்டுமே எண்ணுகிற ஒரு கணக்கு முறை உண்டு. அதில் எட்டும் கிடையாது, ஒன்பதும் கிடையாது. ஒரு எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அது அந்தப் பழைய முறைதான் என்று எண்ணாக்கி முடிவு கட்டிவிடும். '07' வந்தால் ஏழு. '08' வந்தால், முதல் பூஜ்யத்தைப் படிக்கும்; அடுத்து வருவது என்ன ஜந்து என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடும்; கையில் இருக்கும் பூஜ்யத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். ஆயிரத்து நூற்று நாற்பது வரி எழுதியும் சிற்பிக்கு எட்டு மட்டும் எட்டவில்லை. ஊழியர்கள் நிரல் பிழையைப் 'பூச்சி' என்பார்கள். பூச்சியத்திலேயே பூச்சி இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு 'உயர்நிலைத் தர மேம்பாட்டுக் குழு' கூடியது. கத்தரி திரையில் செய்து காட்டினாள். தட்டியது 08, வந்தது 0.

சிற்பி வெகுநேரம் பார்த்தார். "எட்டுன்னு தட்டினா எட்டு வரும். முன்னாடி சைபர் போட்டா அது யூசர் பண்ற தப்பு."

"சார், படுக்கை நம்பர் ரெண்டு இலக்கத்துல இருந்தாத்தான் ஏத்துக்கும்னு ஃபாரத்துல நாமதான் போட்டிருக்கோம்."

"அப்ப அது ஃபாரம் பண்ணவங்க தப்பு."

"ஃபாரம் பண்ணதும் நீங்கதான் சார்."

"அதனாலதான் நான் அதைப் பெரிசுபடுத்தல."

குழு இந்தப் பெருந்தன்மையை மேசை தட்டிப் பாராட்டியது. கத்தரி விடவில்லை. "மொழியிலேயே இதுக்கு ஒரு மெத்தட் இருக்கு சார். ஒரே வரி. இது பத்து அடிமானக் கணக்குன்னு சொல்லிட்டா எட்டையும் ஒழுங்காப் படிக்கும். புரியாதது வந்தா புரியலைன்னு சொல்லிடும். பூஜ்யத்தைக் குடுத்து ஏமாத்தாது."

"புரியலைன்னு சொல்லுமா?" மனிதவள அதிகாரி அதிர்ந்தே போனார். "கஸ்டமர் முன்னாடியா?"

"அதுதாம்மா வித்தியாசம்" என்றார் சிற்பி கனிவோடு. "நம்ம எண்ணாக்கி பதினோரு வருஷமா ஒரு தடவைகூட புரியலைன்னு சொன்னதில்ல. எதைக் கேட்டாலும் ஒரு பதில் குடுக்கும்."

இந்த விஷயத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைப்பது என்றும், துணைக்குழுவின் அறிக்கையை மூன்று மாதத்தில் பரிசீலிப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் சித்தப்பா தாங்க மாட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குச் சிற்பி 'சுயசார்பும் சுயமரியாதையும்' என்ற தலைப்பில் உரையாற்ற, நிறுவனமே அரங்கில் உட்கார்ந்திருந்தது. கத்தரி மட்டும் தன் இடத்தில் இருந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது வரிகளையும் அழித்தாள். ஒரே ஒரு வரி எழுதி மருத்துவமனைக் கணினிக்கு அனுப்பினாள்.

ஒரு மணிக்குச் சித்தி போன் செய்தாள். "சாப்பாடு வந்துடுச்சும்மா! மாத்திரையும் வந்துடுச்சு. ஒம்பதாம் நம்பர்க்காரரு சந்தோஷத்துல அழுதுட்டாரு. ரசம் மட்டும் தண்ணி."

நாலு மணிக்கு மருத்துவமனை நிர்வாக அதிகாரி சிற்பிக்குப் போன் செய்தார். பூஜ்யப் படுக்கை நோயாளிக்கு மதியத்திலிருந்து உணவும் மருந்தும் நிறுத்தப்பட்டிருப்பதாகவும், இத்தனை நாள் அமைதியாக ஒத்துழைத்த ஒருவரைத் திடீரென்று கைவிட்டது மனிதாபிமானமற்ற செயல் என்றும் நாத்தழுதழுக்கச் சொன்னார். ஐந்து மணிக்குள் ஒற்றை வரி நீக்கப்பட்டது. எண்ணாக்கி மீண்டும் அரியணை ஏறியது. கத்தரிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

செவிலியர் கெட்டிக்காரர். பத்தாம் எண் காலியானதும் சித்தப்பாவை அங்கே மாற்றிவிட்டார். பத்தாம் எண்ணுக்கு எல்லாம் வேளாவேளைக்கு வந்தது. சித்தப்பா மறுவாரமே கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தார். கத்தரியின் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் 08இல் ஒரு புது ஆள் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வேலை ஆயிடுச்சுன்னு விட்டுட முடியல சித்தி" என்றாள்.

"விடாதேம்மா" என்றாள் சித்தி.

அந்த மாத இறுதியில் மருத்துவமனை அரங்கில் ஒரு விழா நடந்தது. புதிய மென்பொருள் வந்ததிலிருந்து ஏற்கத்தக்க புகார் ஒன்றுகூட வரவில்லை என்பதால் சிற்பிக்குப் 'பூஜ்யப் புகார் விருது' அளிக்கப்பட்டது. பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது என்றும் பொருளுண்டு என்று நிர்வாக அதிகாரி விளக்க, அரங்கம் சிலிர்த்தது. எண்ணாக்கியை அழித்த குற்றத்துக்குத் தண்டனைக் காலம் என்பதால் கத்தரிக்கு மேடையோரம் உட்கார்ந்து திரையை இயக்கும் வேலை கொடுத்திருந்தார்கள்.

திரையில் பெரிதாகத் தெரிந்தது: 'புகார்கள்: பூஜ்யம்.'

முன்வரிசையில் இருந்த தலைமை மருத்துவர் மலர்ந்த முகத்தோடு கேட்டார். "அருமை! இதோட விவரத்தைக் கொஞ்சம் பாக்கலாமா?"

கத்தரி சிற்பியைப் பார்த்தாள். "காட்டும்மா, காட்டு. மறைக்க என்ன இருக்கு?" என்றார் சிற்பி.

அவள் 'விவரம்' என்ற பொத்தானை அழுத்தினாள். புகார்ப் படிவத்திலும் படுக்கை எண்ணைப் படிப்பது எண்ணாக்கிதான். திரை நிறைந்தது. அவள் ஒலிவாங்கியை இழுத்து வாசித்தாள்.

"படுக்கை பூஜ்யம்: மூணு நாளா மாத்திரை வரல. படுக்கை பூஜ்யம்: சுகர் பேஷண்ட், சாப்பாடு வரல, மயக்கமா இருக்கு. படுக்கை பூஜ்யம்: அப்பாவுக்கு ஊசி போடவே இல்ல, யாராவது வந்து பாருங்க. படுக்கை பூஜ்யம்…"

ஒவ்வொன்றின் கீழும் ஒரே குறிப்பு இருந்தது: 'இந்தப் படுக்கையில் எவரும் அனுமதிக்கப்படவில்லை. புகார் செல்லாது.' எல்லா வார்டுகளின் எட்டும் ஒன்பதுமாக மொத்தம் நாற்பத்தொரு பேர். அவள் எல்லாவற்றையும் வாசித்து முடிக்கும்வரை கைதட்ட வேண்டுமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைமை மருத்துவரின் முகம் மாறியிருந்தது. "இவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

கடைசி வரிசையில் நின்றிருந்த செவிலியர் பதில் சொன்னார். "முப்பத்தெட்டு பேர் வீட்டுக்குப் போயிட்டாங்க டாக்டர்."

"மீதி மூணு பேர்?"

செவிலியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிற்பி கையில் விருதோடு ஒலிவாங்கியின் முன் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எதைக் கேட்டாலும் ஒரு பதில் கொடுத்தே பழகியவர் அல்லவா.

"நாப்பத்தொண்ணுல மூணுதானே டாக்டர்" என்றார். "வகுத்துப் பாத்து, பக்கத்துல இருக்கிற முழு எண்ணுக்கு எடுத்துக்கிட்டா, அதுவும் பூஜ்யம்தான்."