இரண்டு விரல் மடிப்பு

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நான் நலம், முழங்காலைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்லும். நீ நலம் என்று உன் மகள் சொன்னாள். ஒரே ஒருவர் சொன்னதை வைத்து நான் எதையும் நம்புவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

கல்லூரி விண்ணப்பத்தோடு வைக்கத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் இடம் கிடைக்காது, முப்பத்தைந்து வருடம் பத்திரிகையில் எழுதிய மாமா இருக்கும்போது என்ன கவலை என்று அவளை என்னிடம் அனுப்பினாய். திங்கட்கிழமை வந்தாள், கட்டுரையைக் கொடுத்தாள். உன் தையல் கடையைப் பற்றி எழுதியிருந்தாள்: மேசைக்கு அடியில் உட்கார்ந்து காந்தத்தால் ஊசி பொறுக்கியது, அவள் வளர வளர நீ பள்ளிப் பாவாடையின் மடிப்பை இரண்டிரண்டு விரலாகப் பிரித்து இறக்கியது, பழைய மடிப்பெல்லாம் கோடு கோடாகத் தெரிந்ததை வகுப்பில் எண்ணிச் சிரித்தது.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதலில் ‘நான்’ என்று வந்த இடமெல்லாம் அடித்தேன். நிருபர் செய்திக்குள் தலையை நீட்டக்கூடாது என்று என் பத்திரிகை ஆசிரியர் அந்தக் காலத்தில் குட்டியது இன்னும் வலிக்கிறது. அடுத்து, கோடுகள் நான்கு என்று எழுதியிருந்தாளே, அதைச் சரிபார்க்க உனக்குப் போன் செய்தேன். கடையில் ஆள் நிற்கிற நேரத்தில், “பாவாடையை எத்தனை தடவை இறக்கினே, சரியா சொல்லு” என்று கேட்டதற்கு நீ போனை வைத்தது நியாயம்தான். அப்புறம் நீயே கூப்பிட்டு மூன்று என்றாய். திருத்தினேன். செவ்வாய்க்கிழமை மாலை என் பிரதியை நீட்டினேன்: “தையல் கடை உரிமையாளர் ஒருவரின் பதினேழு வயது மகள், மேசைக்கு அடியில் இருந்ததாகத் தெரிய வருகிறது.”

நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டாள்: “மாமா, இதுல நான் எப்படிச் செத்தேன்?”

புதன்கிழமை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து அவளைப் பேட்டி எடுத்தேன்.

“நீ வெளியூர் போறதை நினைச்சு அம்மா பயப்படறாங்கன்னு கடைசியில எழுதியிருக்கியே, யார் சொன்னது?”

“யாரும் சொல்லல.”

“அம்மா சொன்னாளா?”

“அவங்களா? ‘நீ கிளம்பு, வீடு அமைதியா இருக்கும்’னுதான் சொல்றாங்க.”

“அப்போ ஆதாரம் இல்ல. அடிச்சிடறேன்.”

“இருங்க மாமா. ஹாஸ்டலுக்குன்னு ஆறு பாவாடை தைச்சிருக்காங்க. ஆறுலயும் உள்ளே இரண்டு விரல் மடிச்சு விட்டிருக்காங்க. நான் வளர்றது நின்னு இரண்டு வருஷம் ஆச்சு.”

அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு பேட்டியில் பேனா நின்றுபோனது எனக்கு அன்றுதான்.

“அதை எழுது” என்றேன். நான் அடித்த ‘நான்’களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு காற்புள்ளியைத் தவிர எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, “அனுப்பியாச்சு மாமா” என்றாள். ஆகவே உன் மகளின் கட்டுரையைக் காப்பாற்றியவன் நான்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். மடிப்பு விஷயத்தை உன்னிடம் சொல்லக்கூடாது என்றாள். சொல்லிவிட்டேன். அதைப் பிரித்துவிடாதே, அப்படியே இருக்கட்டும்.

உன் கண்ணும் உன் தையல் மெஷினும் நெடுநாள் நன்றாக ஓட வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பஸ்ஸிலிருந்து உன் மகள் போன் செய்தாள். கட்டுரையை இங்கே வருவதற்கு முந்தின நாளே அனுப்பிவிட்டாளாம். மடிப்பு வரியும் அதில் இருந்ததாம். எடுத்துவிட்டுத்தான் எனக்குக் காட்டினாளாம். மூன்று கோட்டை நான்காக்கியதும் எனக்காகத்தானாம். “அனுப்பியாச்சுன்னு பொய் சொன்னியா?” என்றேன். “பொய் இல்ல மாமா. எப்போன்னு நீங்க கேக்கல.” முப்பத்தைந்து வருட நிருபர்!

“அப்போ எதுக்கும்மா வந்தே?”

“அம்மாதான் அனுப்பினாங்க. வேலையை விட்டதுலேர்ந்து மாமா யார்கிட்டயும் பேசறதில்ல, திருத்தறதுக்கு அவருக்கு ஏதாவது கொண்டுபோய்க் குடுன்னாங்க.”

இதற்கும் இதுவரை ஒருவர் சொன்னதுதான் ஆதாரம். இன்னொருவர் நீதான். உடனே பதில் எழுது.